ராமேஸ்வரம் கடற்கரைத் தெருவில் மாலை வகுப்பு: மூன்றாம் வாரமே பிள்ளைகள் குறைகிறார்கள், எங்கே சரிசெய்வது?

கரையோரம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரத்தில் மீன் இறங்குதளத்தை ஒட்டிய தெருக்களில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. இடம் ஒரு வலைக்கொட்டகை. தகரக் கூரை, ஒரே ஒரு டியூப் லைட். 4ஆம் வகுப்பு முதல் 9 வரை 34 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் உட்கார இடம் போதவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஒருநாள் 20 பேர், மறுநாள் 9 பேர். நேரம் மாலை 5 முதல் 7. சொல்லித் தருவது கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். மாதம் 4,000 ரூபாய் செலவழிக்க முடியும், அதற்கு மேல் வழியில்லை.

தெருக்கள் எப்படி என்று இங்கே பலருக்குத் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, ஒரு அறையில் ஆறேழு பேர், குடிதண்ணீர் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. புத்தகத்தை விரித்து வைக்க வீட்டில் ஓர் இடம் கிடையாது. அதனால்தான் இந்தக் கொட்டகை.

தெரிய வேண்டியது இவ்வளவு. வருகை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரில் 8 பேர் 2ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதா, முதலிலிருந்து தொடங்குவதா? 6ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வருகிறாள். 8 முடித்த இரண்டு பையன்கள் ஜூனில் பள்ளிக்கே திரும்பவில்லை. ஒரு வீட்டில் தகப்பன் கடலில் காணாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, அந்த அம்மாவுக்கு எந்த உதவியும் வரவில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் எழுதுங்கள்.

கரும்பலகை:

முதலில் வருகைப் பதிவேட்டை மாற்றுங்கள். பெயரும் தேதியும் டிக்கும் போதாது. தேதிக்கு மேலே கிழமையையும், அன்றைய கடல் நிலவரத்தையும் ஒரு வார்த்தையில் எழுதுங்கள்: படகு போன நாள், படகு வந்த நாள், காற்றால் டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) கொடுக்காத நாள், வேலைநிறுத்தம். நாலு வாரம் எழுதினால் உங்கள் 20-க்கும் 9-க்கும் காரணம் தாளிலேயே தெரிந்துவிடும்.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன, மறுநாள் காலை கரைக்கு வருகின்றன. அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில் இறங்குதளத்தில் ஆள் தேவை. இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, மிச்சம் சங்காயம் (கழிவு மீன்) என்று பிரிக்கும் வேலைக்கு அம்மாவோடு பிள்ளையும் போகிறது. 4 மணிக்கு எழுந்த பிள்ளை பள்ளிக்குப் போனாலும் சாயந்திரம் 5 மணிக்கு உங்கள் பாயில் உட்கார்ந்தபடியே தூங்கும், இல்லையென்றால் வராது. 9 பேர் வந்த நாள்கள் செவ்வாயும் வியாழனுமா என்று பாருங்கள்.

அப்படித்தான் என்றால், அந்த இரண்டு நாளும் 45 நிமிடம் போதும். புதுப் பாடம் வேண்டாம், கதையும் விளையாட்டும். கனமான பாடத்தைத் திங்கள், புதன், வெள்ளிக்கு வையுங்கள். திங்கள், புதன் இரவு தகப்பன் கடலில் இருப்பார், வீட்டில் சத்தம் குறைவு. அம்மாவிடம் உட்கார்ந்து பேசவும் அந்த மாலைகள்தான் தோது.

5 மணி என்பதே தவறான நேரம். தகரக் கூரை ஆறு மணி வரை அனல் கக்கும். 6.15 முதல் 7.30 வையுங்கள். ஒரு டியூப் லைட்டில் 20 பிள்ளை வாசிக்க முடியாது. 20 வாட் எல்இடி பட்டை விளக்கு இரண்டு, ஏழடி உயரத்தில், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் அல்லாமல் பக்கவாட்டில் வரும்படி மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் அவரவர் நிழல் அவரவர் புத்தகத்தில் விழும்.

அடுத்தது, நான்காம் நாள் வழக்கம். தொடர்ந்து மூன்று வகுப்பு வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் போய்விட வேண்டும். பிள்ளை ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் மாதம் இரண்டு நாள், பிறகு ஐந்து நாள், பிறகு ஒன்பது நாள். அதற்குள் பாடம் கைவிட்டுப் போய், வகுப்பில் எழுப்பிக் கேட்டால் பதில் தெரியாத வெட்கம் வந்துவிடும். அந்த வெட்கம் வந்த பிறகு போய் நின்றால் பிள்ளை பின்வாசல் வழியாக ஓடிவிடும். வாசலில் நின்று "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள், தெருவே கேட்கும். "அன்னைக்குப் பாதியில விட்ட கதை இருக்கு, வா" என்று சொன்னால் போதும்.

இப்போது வாசிப்பு. வீட்டுப்பாடம் எழுத வைக்கும் டியூஷனாக இதை மாற்றிவிடாதீர்கள். 2ஆம் வகுப்பு நிலையில் இருக்கும் பிள்ளை 7ஆம் வகுப்பு வினா விடையைப் பார்த்து எழுதினால், நோட்டு நிறையும், தலைக்குள் ஒன்றும் ஏறாது. 8ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் வாசிக்கத் தெரியாததை யாரும் கவனிக்காமல் விட்டால் பிள்ளை 9-க்குப் போய் அங்கே மோதிக்கொள்ளும்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு மூன்று நிமிடம் சோதியுங்கள். ஐந்து எழுத்து, ஐந்து சொல், நாலு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை. ஐந்துக்கு நாலு சரியாகச் சொன்னால் அந்தப் படியைத் தாண்டியதாகக் கொள்ளலாம். எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் அதன் குழு. வகுப்பைப் பார்த்துக் குழு பிரிக்காதீர்கள். 9ஆம் வகுப்புப் பையனும் 5ஆம் வகுப்புப் பையனும் ஒரே குழுவில் வந்தால் பெரியவன் கூசுவான். அவனுக்கு மட்டும் வகுப்புக்கு முன் 15 நிமிடம் தனியாகக் கொடுங்கள், பிறகு சின்னவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். ஒரு குழுவில் 7, 8 பேருக்கு மேல் வேண்டாம்.

எழுத்துப் படியில் நிற்பவர்களுக்கு 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அதை எல்லாரும் பாட்டாகப் பாடிவிடுவார்கள், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினால் தெரியாது. ப, ட, ம, ர, க, ல, வ என்று ஏழு எழுத்தும் புள்ளியும் வைத்துத் தொடங்குங்கள். முதல் நாளே படம், மரம், கடல், பகல், வரம் வாசித்துவிடலாம். அடுத்து துணைக்கால் (கா-வில் வருவது), விசிறி (கி-யில் வருவது). மூன்றாவதாக உகரம், ஊகாரம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் கு, டு, து, பு என்று ஒவ்வொன்றின் வடிவமும் வேறு. ஒரே நாளில் மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசியாகக் கொம்பு. "கொடி"யை ஒரு பிள்ளை "கெ, கா, டி" என்று வாசித்தால் அது முட்டாள்தனம் இல்லை, கண் இடமிருந்து வலம் போகிறது, கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கொம்பு ஓர் அட்டை, எழுத்து ஓர் அட்டை, கால் ஓர் அட்டை என்று வெட்டி, மூன்றையும் சேர்த்துத் தள்ளி "கொ" என்று வாயால் சொல்ல வைத்தால் நாலைந்து நாளில் பிடிபடும்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும், மூன்று அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் நெளிந்துவிடும், இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கணக்குக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கரைப் பிள்ளைகளுக்கு வாய்க்கணக்கு பிரமாதமாக வரும். "கிலோ 240 ரூபாய் நண்டு, ஒன்றே முக்கால் கிலோ என்ன விலை?" என்று கேளுங்கள், பத்து எண்ணுவதற்குள் 420 என்பான். அதே பையனிடம் 240-ஐ 1.75-ஆல் பெருக்கு என்று நோட்டில் கொடுத்தால் பேனாவைக் கடிப்பான். அவன் மனதில் செய்ததை அவனையே சொல்ல வையுங்கள்: ஒரு கிலோ 240, அரை 120, கால் 60. அதை அப்படியே மூன்று வரியாக எழுதி, கூட்டல் கோடு போட்டு, பிறகு பக்கத்தில் புத்தக முறையை எழுதுங்கள். இரண்டும் ஒரே 420 என்று பார்த்த பிறகு கணக்கைக் கண்டு ஒதுங்க மாட்டான்.

பாசிக்கரை:

கரும்பலகை சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்கு எந்த அட்டையும் ஏறாது. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். உங்களிடம் 6, 7, 8 படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்குக் காலையில் ஒரு டீ, ஒரு பன். மதியம் பள்ளியில் சாப்பாடும் முட்டையும். அதற்குப்பின் ராத்திரி ஒன்பது மணி வரை ஒன்றுமில்லை. 6.15-க்கு வந்தவுடன், பாடத்துக்கு முன்னால், சுண்டல் கொடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால் அதற்காக உட்கார்ந்திருக்கும், மனசு அடுப்பில் இருக்கும்.

22 பிள்ளைக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை கணக்கு. வெந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆளுக்கு 100 கிராம். இடையில் பச்சைப்பயறும் வேர்க்கடலையும் மாற்றிப் போடுங்கள். கடலை கிலோ 100 ரூபாய்ச் சுற்று என்று வைத்தால் மாதம் 22 நாளுக்கு 2,200. தேங்காய், எண்ணெய், கடுகு, அடுப்புச் செலவு 700. மிச்சம் 1,100-இல் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். கிண்ணம் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டு வரட்டும், கழுவும் தண்ணீர் மிச்சம்.

டீயைப் பற்றி அம்மாக்களிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. 6ஆம் வகுப்பிலிருந்து பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நீல நிறம். நிறையப் பெண் பிள்ளைகள் அதைக் குப்பையில் போடுவதற்குக் காரணம் குமட்டல். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் அவ்வளவு இருக்காது என்பதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கும் எட்டுப் பேரில் ஒருவருக்காவது கண் தெரியாமல் இருக்கலாம். பத்தடி தள்ளி நிற்க வைத்து, விரலை மடக்கி எத்தனை என்று கேட்டால் போதாது. பலகையில் ஓர் அங்குல எழுத்தில் நாலு சொல் எழுதி, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தே தெரியாதவனுக்குப் படம் வரைந்து காட்டுங்கள். சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும்.

தம்பியைத் தூக்கி வரும் பெண்ணுக்கு: அவளை "தம்பிய விட்டுட்டு வா" என்று சொன்னால் அவளும் வரமாட்டாள். அம்மா கடற்பாசி எடுக்கவோ மீன் பிரிக்கவோ 5, 6 மணிக்கே போய்விடுகிறாள். பால்வாடி திறக்க ஒன்பது ஆகும். அந்த மூன்று மணி நேரம்தான் அக்கா பள்ளிக்குப் போவதைக் கெடுக்கிறது, சாயந்திரத்தைவிட அதுதான் முக்கியம். ஒரே சந்தில் நாலைந்து அம்மாக்கள் இருந்தால் முறை வைத்து ஒருவர் வீட்டில் நிற்கலாம். நிற்பவருக்கு அன்றைய கூலி போகும், அதனால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். பேசாமல் தொடங்கினால் இரண்டாம் வாரம் சண்டை வரும். தம்பிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டால் உடனே பால்வாடியில் பெயர் சேருங்கள்.

உங்கள் கொட்டகையிலும் ஒரு மூலையில் பாய் விரித்து, பெரிய சிப்பி, மூடியுள்ள காலி டப்பா, பழைய கரண்டி வையுங்கள். சோழி வேண்டாம், வாயில் போடும். வலைக்கொட்டகையில் ஈயக்குண்டும் ஊசியும் கிடக்கும், தினமும் பெருக்கிய பிறகுதான் சின்னதுகளை விடவும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. 7.30-க்குப் பெண் பிள்ளைகளை யார் எந்தச் சந்து வரை கொண்டு விடுவது என்று எழுதி ஒட்டுங்கள். ஏதாவது பிள்ளை சொன்னால், நீங்களே விசாரணை நடத்தாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும் வீட்டுக்கும் அதே எண்தான்.

மனுக்காரர்:

காகித வேலையை நான் சொல்கிறேன்.

தகப்பன் காணாமல் போன வீடு முதலில். இறப்புச் சான்று இல்லை என்பதால்தான் எல்லா வாசலிலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஏழு வருடம் தகவல் இல்லாமல் போனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதுவரை பிள்ளை காத்திருக்க முடியாது. கடலோரக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை நகல் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, நலவாரிய அட்டை இருந்தால் அந்த நகல்களோடு மீன்வளத் துறை அலுவலகத்தில் மனு.

பிள்ளைக்குத் தனியாக ஒரு வழி: மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஆதரவுத் தொகை, மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000, நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். ராமேஸ்வரம் நகராட்சி என்பதால் 96,000 பொருந்தும். விண்ணப்பம் ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பிள்ளையின் ஆதார், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், அம்மாவின் ஆதார், முதல் தகவல் அறிக்கை நகல் எல்லாம் இரண்டு செட் எடுத்துப் போங்கள். குழு கூடித்தான் முடிவு செய்யும், கொடுத்த அன்றே பதில் கேட்டுச் சோர்ந்து போகாதீர்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள், தேதி முத்திரையோடு. இலங்கைச் சிறையில் தகப்பன் இருக்கும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அரசு தினசரி உதவித்தொகை தருகிறது. அதுவும் மீன்வளத் துறை வழியாகத்தான்.

உதவித்தொகை "வந்துச்சு, ஆனா வரல" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று இடத்தில் சிக்கல். ஒன்று, ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் இருக்கும். இரண்டு, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காது, அல்லது அம்மா வேறு வங்கியில் பிறகு தொடங்கிய கணக்கோடு இணைந்திருக்கும். பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். மூன்று, 15 வயதில் கைரேகையும் கண்ணும் புதுப்பிக்க வேண்டும் (5 வயதிலும் ஒருமுறை), அதைச் செய்திருக்க மாட்டார்கள். 34 பிள்ளைக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பிறப்புச் சான்றில் உள்ள பெயர், ஆதார்ப் பெயர், பள்ளிப் பெயர் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிழை தானாகக் கண்ணில் படும்.

பிறப்புச் சான்றே இல்லாத பிள்ளை இரண்டு மூன்றாவது இருக்கும். பிறந்து ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். ஆனால் சான்று இல்லை என்று காட்டி 14 வயது வரை எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழுக்கும் அதே கதை, 8ஆம் வகுப்பு வரை அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 இதைத் தெளிவாகச் சொல்கிறது. தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் சான்றிதழ் மாட்டிக்கொண்ட பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரே கூட்டிப் போங்கள். ஒத்து வராவிட்டால் 14417, பள்ளிக் கல்வித் துறை உதவி எண்.

8ஆம் வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளைத் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000. 7ஆம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறன் பகுதியை யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை, வாரம் ஒருநாள் அதற்கு வைத்தால் பலன் தெரியும்.

கரையோரம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய பதிவேட்டை எடுத்துக் கிழமை போட்டுப் பார்த்ததில், 9 பேர், 11 பேர் வந்ததெல்லாம் செவ்வாய், வியாழன்தான். காகிதம் பற்றியும் பெண் பிள்ளை பற்றியும் புரிந்தது. அந்த இரண்டு பையன்கள் விஷயம்தான் தெரியவில்லை. ஒருவன் தகப்பனோடு கேரளாவுக்குப் போய்விட்டான். இன்னொருவன் ஐஸ் ஏற்றப் போகிறான். வீட்டில் பேசினால், "கலாம் ஐயாவே பேப்பர் போட்டுத்தானே படிச்சார், வேலை பார்த்தா என்ன?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வடகடல் வாடை:

கலாம் ஐயா பேப்பர் போட்டது உண்மை. அந்த வேலை பள்ளி மணி அடிக்கும் முன் முடிந்தது. அதன் பிறகு அவர் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கும், திருச்சிக் கல்லூரிக்கும் போனார். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா தன் நகையை அடகு வைத்தார். வீடே அவர் பின்னால் நின்றது என்பதை அந்தத் தகப்பனிடம் சொல்லுங்கள், வாதாடாமல், மரியாதையாக. ஐஸ் ஏற்றும் பையனுக்கு வேலை பள்ளி நேரத்தில், அதுதான் வித்தியாசம். 14 வயதுக்குக் கீழ் என்றால் வெளியார் வேலையே சட்டப்படி கூடாது. குடும்ப வேலையில் உதவுவதுகூடப் பள்ளி நேரம் போகத்தான்.

பையன்கள் ஜூனில் நிற்பதற்குக் காரணம் ஏப்ரலில் இருக்கிறது. நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கேரளாவில் அப்போது பெரும்பாலான நாள் கடல் திறந்திருக்கும். தகப்பன் அங்கே படகில் போகிறார், விடுமுறை என்பதால் 13, 14 வயதுப் பையனும் கூடப் போகிறான். ஒன்றரை மாதம் கையில் காசு பார்க்கிறான். பள்ளி திறக்கும் ஜூன் முதல் பாதியில் நம் கரையில் படகே போயிருக்காது, வீட்டில் சல்லிக்காசு இருக்காது. தடைக்கால நிவாரணம் 8,000 வந்திருந்தாலும் அது கடனுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் "அவன் அங்கேயே இருந்து நாலு காசு அனுப்பட்டும்" என்று வீடு முடிவு செய்கிறது. ஜூலையில் திரும்பி வந்தால் ஒரு மாதப் பாடம் போயிருக்கும், மீசையும் அரும்பியிருக்கும், போய் உட்காரக் கூச்சம்.

அதனால் மார்ச் கடைசியிலேயே 7, 8, 9 படிக்கும் பையன்கள் பட்டியல் எடுங்கள். யார் எந்த ஊருக்குப் போவார்கள், அங்கே யார் போன் எண், எப்போது திரும்புவார்கள் என்று எழுதி வாங்குங்கள். மே மாதம் இரண்டு முறை பையனிடமே போனில் பேசுங்கள், படிப்பைப் பற்றி அல்ல, சும்மா. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டுக்குப் போய் வண்டி ஏற்றச் சொல்லுங்கள். புத்தகம், நோட்டு, பை, காலணி அரசுப் பள்ளியில் கிடைக்கும், சீருடை 8 வரை. 9-க்குப் போகும் பையனுக்குப் புதுச் சட்டை பேண்ட் வாங்க வேண்டியிருக்கும், அது ஒரு காரணமாகவே நிறையப் பேர் தங்கிவிடுகிறார்கள். மே மாதம் வகுப்பு நடக்காது அல்லவா, அந்தச் சுண்டல் பணத்தை இதற்கு வையுங்கள். இரண்டு மூன்று பேருக்கு வரும்.

கேரளா போன பையன் 14-க்குள் என்றால் வட்டார வள மையத்தில் உடனே பள்ளி செல்லாப் பிள்ளை என்று பெயரைக் கொடுங்கள். எந்த மாதத்திலும் அவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விடுபட்டதற்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. ஐஸ் ஏற்றும் பையன் 9-க்குப் போகவே மாட்டேன் என்றால் பிடிவாதமாக இழுக்காதீர்கள். 8 தேர்ச்சியோடு அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) வெல்டர், வயர்மேன் போன்ற சில தொழில்பிரிவு உண்டு. குறைந்தது 14 வயது வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடியில் இருக்கிறது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வரும். சேர்க்கை கோடையில் தொடங்குகிறது, தேதி தவறினால் ஒரு வருடம் போகும். படகு எஞ்சின், குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் பிளாண்ட் எல்லாவற்றுக்கும் இங்கே கை தெரிந்த ஆள் தேவைப்படுகிறது, தகப்பனிடம் அந்தக் கணக்கில் பேசினால் காது கொடுப்பார்.

கடலோரக் காவல் படையில் சேர ஆசைப்படும் பையன்களிடம், பொதுப்பணி நாவிக் (மாலுமி) வேலைக்கு 12-இல் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்பதை 9-லேயே சொல்லிவிடுங்கள். 11-இல் வேறு பிரிவு எடுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

கரையோரம்:

ஐஸ் ஏற்றும் பையனுக்கு 14 முடிந்துவிட்டது, ஐடிஐ பற்றி அவன் அம்மாவிடம் பேசியாகிவிட்டது, யோசிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சுண்டல் தொடங்கினோம். பாசிக்கரை அக்கா, முந்தின ராத்திரியே ஊற வைத்தும் கடலை வேகவே இல்லை, குக்கரில் ஏழு விசில் விட்டும் கல் மாதிரி இருந்தது. பிள்ளைகள் கடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கடை மாற்ற வேண்டுமா?

பாசிக்கரை:

கடையில் தப்பு இல்லை, தண்ணீரில்தான். ஊற வைத்தது அடிபம்புத் தண்ணீரிலா? உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் கடலைத்தோல் இறுகிவிடும், எவ்வளவு விசில் விட்டாலும் வேகாது. ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். கிலோவுக்கு மூன்று லிட்டர் ஊற, இரண்டு லிட்டர் வேக. காசு கொஞ்சம் கூடத்தான், வேறு வழியில்லை. ஊறும்போது கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசிவிடுங்கள். அலசிய கடலையை வடிகட்டி ஈரத்துணியில் கட்டி வையுங்கள், சாயந்திரம் வரை தண்ணீரிலேயே கிடந்தால் இந்த வெக்கையில் புளித்து நுரை கட்டும். உப்பை வெந்த பிறகு போடுங்கள். திங்கட்கிழமை நாலு விசிலில் திறந்து பாருங்கள்.